அட்டமியில் வெட்டிய பள்ளம்

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு குப்பம். அங்கே மீன் விற்றவள் சம்பூர்ணம். அவள் கூடையை இறக்கினால் நாலு தெருவுக்குக் கேட்கும், அப்படியொரு குரல். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த தீராத எரிச்சல் குடிதண்ணீர்தான். குப்பத்துக் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு. விடியற்காலையில் இரண்டு மைல் நடந்து, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் சுமந்து வந்த பிறகுதான் மீன் கூடையைத் தொடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் குழாய்த் தண்ணீர்த் திட்டம் வந்தது. ஆற்றுப் படுகையில் கிணறு, அங்கிருந்து பதினோரு ஊருக்குக் குழாய். பதினோராவது ஊர் இவளுடையது. சம்பூர்ணம் மீன் கூடையைத் தங்கை தலையில் ஏற்றிவிட்டு மண் சுமக்கப் போய்விட்டாள். "என் வூட்டுக்கு வர்ற தண்ணிக்கு நானே பள்ளம் தோண்டறேன், இன்னா இப்போ?" என்றாள்.

திட்டமா அது? ஜவ்வாக இழுத்தது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் இரும்பு விலை ஏறிவிட்டது. ஓர் ஊரில் தேர் ஓடும் வீதியைத் தோண்டாதே என்றார்கள்; குழாய் ஊரைச் சுற்றிப் போனது. கோடையில் அளந்து வைத்த வழி மழைக்காலத்தில் ஏரியாகக் கிடந்தது. போட்ட மதிப்பீடு மூன்றாம் வருஷத்தில் ஒன்றரை மடங்காகிவிட்டது. கடைசியில் வந்தது உப்பங்கழி ஓரத்து மணல். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறிப் பக்கம் சரிந்தது. மூன்று தடவை தோண்டினார்கள். மூன்று தடவையும் பள்ளம் மூடிக்கொண்டது.

ஓவர்சியர் கோதண்டராமன் நல்ல மனுஷர். சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே செலவு தாங்காதும்மா. இந்த மாசத்துக்குள்ள மணலைத் தாண்டலேன்னா பத்தாவது ஊரோட நிறுத்திடச் சொல்லிட்டாங்க. உங்க குப்பத்துக்கு அப்புறம் பார்ப்பாங்க."

அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. "மூணு தபாவும் எந்த நாள்ல தோண்டுனீங்கோ?"

காண்டிராக்டரின் மேஸ்திரி பூவராகவன் நெஞ்சை நிமிர்த்தினான். "நல்ல நாளு பாத்துத்தாம்மே. அமாவாசை, பௌர்ணமி, மறுக்கா அமாவாசை."

"நாசமா போச்சு! அன்னிக்குத்தான்யா கடலு பொங்கி கழியில தண்ணி ஏறி நிக்கும். மணலுக்குள்ளயும் ஊறிக்கினு வரும். அட்டமி நவமியில எறங்கிக் கெடக்கும். நண்டு புடிக்கிற பசங்களுக்குக்கூடத் தெரியும்!"

"அட்டமி நவமியில கடப்பாரையத் தொட மாட்டேன். எங்க நைனா காலத்துலருந்து அன்னிக்கு எங்களுக்கு லீவு."

"நீ தொடாதே. நாங்க தொடறோம்."

கோதண்டராமன் தலையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார். அடுத்த அட்டமிக்குப் பன்னிரண்டு பெண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அடியில் லேசாக ஈரம் கசிந்தது, அவ்வளவுதான், பள்ளம் சரியாமல் நின்றது! மறுநாள் நவமியில் குழாய் இறக்கினார்கள். பனைமரத்தடியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பூவராகவன், இரண்டு குழாய்கள் கோணலாகப் பொருந்துவதைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்தான். "தள்ளுங்கமே, வேலையைக் கெடுத்துடுவீங்கோ!" என்று தானே பள்ளத்தில் குதித்தான். அன்று நவமி என்பதை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மாசக் கடைசியில் குப்பத்துக் குழாயில் முதலில் காற்று இரைந்தது, பிறகு செம்மண் கலங்கல் வந்தது, அப்புறம் நல்ல தண்ணீர். முதல் குடம் சம்பூர்ணத்துடையது. ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பூவராகவன் தலையில் கொட்டினாள். குப்பமே சிரித்தது, அவனும் சிரித்தான்.

கோதண்டராமன் பக்கத்தில் உட்கார்ந்து செலவு கூடியதற்குக் காரணம் எழுதிக்கொண்டிருந்தார்.

"மணலுக்கு இன்னா சார் எழுதினே?" என்று எட்டிப் பார்த்தாள் சம்பூர்ணம்.

"எதிர்பாராத நிலத்தடி நீர்."

"எதிர்பாராததா? பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா தவறாம வந்துகினுதானே கீது, சார்!"