ரோமாபுரி ராணிகளும் பத்மா அக்காவும்

வாலாஜாபாத்தில் ஒரு மண்டபத்தில் மணப்பெண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது சங்கீதா கூப்பிட்டாள். பத்மா அக்காவின் அண்ணன் மகள் அவள். உத்திரமேரூர் கடைத்தெருவில் அக்கா நடத்திவந்த அழகு நிலையத்தை இப்போது பார்த்துக்கொள்பவளும் அவள்தான். "ரவி அண்ணே, அத்த போய்ட்டாங்க" என்றாள். தாலி கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படங்களை எடுத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் அக்காவுக்குப் பிடித்திருக்காது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கல்யாணத்தன்று தலை வாரிப் பூச்சூட்டியவர் அவர். நான் உங்களைப் படம் எடுத்தவன். ஒரே வேனில் எத்தனையோ ஊர்களுக்குப் போயிருக்கிறோம். ஆனால் அக்கா பழைய ரோமாபுரி நாணயங்களைச் சேர்த்தவர் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அதிலும் அரசிகளின் முகம் பொறித்த காசுகளை மட்டுமே சேர்த்தார்.

அது காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. பெண்ணின் அப்பா பட்டு வியாபாரி. பழங்காசுகளில் பிரியம் உள்ளவர். எங்களுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்துத் தன் காசுகளைக் காட்டினார். ராஜாக்களின் தலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்காசு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதில் பக்கவாட்டில் ஒரு பெண்ணின் முகம். பின்னலைச் சுருட்டி உச்சந்தலையில் ஏற்றிவைத்த கொண்டை.

"இந்தக் கொண்டைய யாரு போட்டது?" என்று கேட்டார் அக்கா.

வியாபாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஃபாஸ்டினாம்மா. ரோமாபுரி ராஜாவோட சம்சாரம். ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு மேல ஆவுது."

"அது சரிங்க. இந்தக் கொண்டைய அந்தம்மா தானே போட்டுக்கினு இருக்க முடியாது. பின்னால ஒருத்தி நின்னுக்கினு போட்டிருக்கா. அவ பேரு இன்னா?"

அது யாருக்கும் தெரியாது என்றார் அவர். அந்தப் பதில் அக்காவுக்குப் போதவில்லை. மோதிரங்களைப் படம் எடுக்கும் லென்ஸை மாட்டி அந்தக் காசை எடுக்கச் சொன்னார். பெரிதாக்கிய படத்தைத் தன் கடைக் கண்ணாடியின் அருகில் ஒட்டினார். அங்கே இருந்த சாமி காலண்டர் சற்று நகர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு சென்னையில் நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போய்விடுவார். ரசீது கொடுக்கும் வியாபாரியிடம் மட்டும்தான் வாங்குவார். மற்றவர்கள் எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்காவின் கணக்கு வேறு. "மூக்கு தேஞ்சிருந்தா பரவால்ல தம்பி, முடி தெரியணும்" என்பார். பேரரசிகள் மாற மாறக் கொண்டையும் மாறும் என்பதைக் கண்டுகொண்டபின், கொண்டையை வைத்தே ஆளைச் சொல்ல முயல்வார். ஒரு முறை தேய்ந்த காசு ஒன்றைக் காட்டி ஃபாஸ்டினா என்று அடித்துச் சொன்னார். வியாபாரி எழுத்துக்கூட்டிப் பார்த்து, இது அந்த ஃபாஸ்டினா இல்லை, அவருடைய மகள், மகளுக்கும் அதே பெயர் என்றார். "அம்மா பேரையே பொண்ணுக்கும் வெச்சா நான் இன்னா பண்ணுவேன்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அந்த மகளையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

திருமுக்கூடலில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போதுதான் பிளாட்டில்லா என்ற அரசியின் கதையைச் சொன்னார். கணவனான பேரரசன் அந்தப் பெண்ணைத் தீவுக்குத் துரத்திவிட்டான், பிறகு கொல்லவும் செய்தான். "பாரு தம்பி, ஃபாஸ்டினா புருசன் செத்த பொண்டாட்டிக்குக் காசு காசா அடிச்சிக்கினே கீறான். இவன் உயிரோட கீறவள தொரத்துறான்" என்றார். பிறகு, "எனக்கு வாச்சவன் ரெண்டாவது மாதிரி" என்றார். கல்யாணமான சில வருடங்களிலேயே கணவர் விட்டுப் போனதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

போன வருடம் நோய் வந்தது. மருந்து ஏற ஏறத் தலைமுடி கொத்துக்கொத்தாக விழுந்தது. கடைசியில் அவரே மழித்துக்கொண்டார். சங்கீதா அலைந்து திரிந்து நல்ல டோப்பா ஒன்று வாங்கிவந்தாள். அதை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். ஜூலியா டோம்னா என்ற அரசியின் காசை எடுத்துப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "இந்தம்மாவும் டோப்பாதான் வெச்சிருந்துச்சாம். அதுக்கு ஜோரா கீது. எனக்கு எலி உக்காந்தா மாதிரி கீது" என்று கழற்றி வைத்தவர், பிறகு அதைத் தொடவே இல்லை. தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

தென்னேரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டு வாசலில் பெண்ணின் அத்தை எங்களை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதம்மா. நல்ல காரியம் நடக்கற வூடு. மொட்டத் தலையோட எப்பிடி பொண்ணத் தொடுவ? கூட வந்திருக்கற பொண்ண உள்ள அனுப்பு" என்றார். அக்கா சீப்புப் பெட்டியைச் சங்கீதாவிடம் கொடுத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு தம்பி, கல்யாணத்த பேஜார் பண்ணாத" என்று கையமர்த்தினார்.

சற்று நேரத்தில் மணப்பெண்ணே வெளியே வந்தாள். ஈரத் தலை, தோளில் துண்டு. பின்னால் அத்தை, அம்மா, பாதி வீடு. வேனின் படியில் அவள் அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "இங்கியே போடுக்கா" என்றாள்.

"உள்ள போ கண்ணு. பெரியவங்க சொல்றாங்க இல்ல?"

"எங்கக்காவுக்கு நீதான் போட்ட. எனக்கும் நீதான் போடணும். நீ போடலன்னா நான் விரிச்ச தலையோடவே போய் மணையில உக்காருவேன்."

பிறகு பெண்ணின் அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அத்தை வழிவிட்டு நின்றார். அன்று போட்ட கொண்டையைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. முடித்ததும் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார், கண் சிவந்திருந்தது.

மறுநாள் காலை என் ஸ்டுடியோவுக்கு வந்து தலைத்துணியை அவிழ்த்தார். "சைடுல எடு தம்பி. வலது பக்கம் பாக்கறா மாதிரி. காசுல அவங்கல்லாம் அப்பிடித்தான் கீறாங்க. மாலை போடறதுக்கு இந்தப் படம்தான்" என்றார். நான் மறுக்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்து மட்டும் நேராக நின்றது.

காரியத்தன்று அந்தப் படத்தை வைத்தபோது அவருடைய அண்ணன் ஏழுமலை கலங்கிப்போனார். "என் தங்கச்சிக்கு எம்மாம் முடி தெரியுமா? இத வெச்சா பாக்கறவங்க இன்னா சொல்வாங்க? ஒரு பக்கம்தான் தெரியுது, கண்ணுகூட நம்மளப் பாக்கல" என்று அழுதார். சங்கீதா அவர் அருகில் உட்கார்ந்து, "அத்த கேட்டு எடுத்துக்கினதுப்பா" என்றாள். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே எழுந்து மாலையைச் சாத்தினார். இன்று அது அழகு நிலையத்தில் இருக்கிறது. காசுகளும் சங்கீதாவிடமே இருக்கின்றன. கேட்டால் எடுத்துக் காட்டுவாள்.

என்னிடம் இருப்பது அதற்கு அடுத்து எடுத்த படம். அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பியதில் கொஞ்சம் கலங்கலாக விழுந்தது. தொழில்காரன் அழித்துவிட வேண்டிய படம். முழு முகம், திறந்த வாய், பாதிச் சிரிப்பு. "முடிஞ்சிச்சா? வா, நாஷ்டா துன்னலாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.