காலி சீட்டின் பெல்ட்

சத்தியமாக நடந்தது. முதல் தப்பு என்னுடையது: இல்லாத கிளட்சை மிதித்தேன்.

ஆட்டோமேட்டிக் கார். பழைய கார் விற்கும் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் வாங்கி மூன்றே நாள். ராதாபுரத்தில், தாய்வீட்டில் இருந்த என் மனைவி பெர்சிஸுக்குத் தேதிக்கு முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையில். பட்டனை அமுக்கினேன், கிளம்பவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்க வேண்டும் என்பது ஆறாவது தடவைதான் ஞாபகம் வந்தது. புறப்பட்டதும் என் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடி, பிரேக்கை நச்சென்று மிதித்தது. பின்சீட்டில் பெர்சிஸ் அலறினாள்.

"மாப்ள, பிள்ளையக் கார்லயே பெக்க வச்சிராதிய," என்றார், அவளைத் தாங்கியிருந்த மாமியார்.

மதியம் 2.20. வள்ளியூர் தாண்டி, நாலுவழிச் சாலை. டிங்... டிங்... டிங்... பெல்ட் போடச் சொல்லும் மணி. நான் போட்டிருந்தேன். எரிந்தது பக்கத்து சீட்டின் விளக்கு. அங்கே ஆள் இல்லை. ஒரு பை கூட இல்லை.

"அத அமத்துங்க," என்றாள் பெர்சிஸ், பல்லைக் கடித்தபடி.

"எப்படின்னு தெரியல."

2.26. க்ளிக்.

மணி நின்றது. காலி சீட்டின் பெல்ட் பூட்டியிருந்தது. உள்ளே ஆள் இருப்பதுபோல வளைந்து.

பின்னால் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. சொல்லி? நிறுத்தலாம். நிறுத்தினால் பெர்சிஸ்...

2.31. கியர் கம்பி தானாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. நாமே கியர் மாற்றி ஓட்டுவதென்றால் அப்படித்தான் தள்ள வேண்டும். நான் தள்ளவில்லை. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

டக். நாலாவது கியர். டக். ஐந்து.

ஒரு லாரி குறுக்கே வந்தது. டக், டக். மூன்று. எஞ்சின் உறுமி, வேகம் தணிந்தது.

கம்பியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. என் கைமேல்... இன்னொரு கை. சில்லென்று. என் கையைப் பைய விலக்கியது.

"இப்பதான் மாப்ள ஒழுங்கா ஓட்டுதிய," என்றார் மாமியார்.

ஜெபம் சொல்லப் பார்த்தேன். பாதிதான் வந்தது.

டக்...

டக்...

3.12. ஆஸ்பத்திரி வாசல். பெல்ட் தானாக அவிழ்ந்தது.

பெண் குழந்தை. பத்து நிமிஷம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணாச்சியிடம் மூன்று தடவை போய்க் கேட்டேன். "ஒரே ஓனர் வண்டி தம்பி," என்பார். "ஏசி நல்லா இருக்குல்லா?" என்பார். நாலாவது தடவை சாவியை மேஜையில் வைத்தேன்.

"யாரு ஓட்டுனது அண்ணாச்சி?"

சாவியை என் பக்கமே தள்ளினார்.

"அந்த ஓனருக்கு இடது கை கிடையாது தம்பி. ஆனா கியர் மாத்தி ஓட்டுனாத்தான் திருப்தி. அவரு தலைய ஆட்டுவாரு, பக்கத்துல இருந்து வீட்டம்மா கியரத் தட்டும். போன வருசம் அந்தம்மாவுக்கு நெஞ்சுவலி. இந்த வண்டியிலதான் கொண்டு போனாரு. போய்ச் சேந்தப்ப, உசுரு போயி முக்கால் மணி நேரம் ஆச்சுன்னாரு டாக்டரு... ஆனா வாசல் வரைக்கும் கியர் விழுந்துகிட்டேதான் இருந்துச்சாம்."