தங்கையன் பாடையில் போன ஞாயிற்றுக்கிழமை

தங்கையன் வருவதை அவருடைய நெஞ்சு முன்கூட்டியே சொல்லிவிடும். குடவாசல் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவர். தூற்றும் மெஷினின் தூசி பாதி, தினம் இரண்டு கட்டு பீடி பாதி என்று உள்ளே சேர்த்து வைத்ததில், மூச்சு விடும்போதெல்லாம் குக்கர் விசிலுக்குத் தயாராவது போல ஒரு சத்தம். அவர் வந்து உட்கார்ந்தால் தெருநாய் காதைத் தூக்கிப் பார்க்கும்.

போன கார்த்திகை மழையில் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். "புகையை விடச் சொல்லிட்டு நீங்களே புகை போடுறீங்களேம்மா" என்று நர்ஸிடம் நியாயம் கேட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி தங்கம்மாள் சிரிக்கவில்லை. இவர் பீடியை விட்டு எழுந்து நடந்தால் பங்குனியில் பாடைக்காவடி என்று வலங்கைமான் மாரியம்மனுக்கு அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

சாகக் கிடந்து பிழைத்தவர்கள் செலுத்தும் காவடி அது. பிணம்போலப் பாடையில் படுக்க வேண்டும். நான்கு பேர் தூக்க, பறை முழங்க, தீச்சட்டி முன்னால் போகும். கோயிலில் தீர்த்தம் தெளித்த பிறகுதான் எழுந்திருக்கலாம்.

"வேண்டிக்கிட்டது நீ. படுக்கிறது நானா?" என்றார் தங்கையன்.

"மூச்சு முட்டுனது யாருக்குங்க, எனக்கா? நடுவுல எழுந்திரிச்சீங்கன்னா வேண்டுதல் சேராது. அடுத்த பங்குனிக்கும் பாடைதான், சொல்லிட்டேன்."

பீடியை விட வைத்தது மருந்துக்கடை ஜாஃபர் சாதிக். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்து, "நாலு மெல்லு மென்னு கன்னத்துல ஒதுக்கிடணும்ணே" என்று சொல்லித்தான் அனுப்பினார். தங்கையன் அதை வெற்றிலைபோல அரைத்து, அன்று பொழுது சாயும்வரை விக்கினார். பிறகு பழகிவிட்டது. டாக்டர் எழுதிய, வாயில் வைத்து இழுக்கும் இரண்டு மருந்துப் பம்ப்புகளும் பழகிவிட்டன. பழுப்புப் பம்ப் தினமும் இருவேளை, தவறக்கூடாது. நீலப் பம்ப் மூச்சு இழுக்கிற நேரத்துக்கு மட்டும். பங்குனி பிறப்பதற்குள் நெஞ்சு அடங்கி, சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று கூட்டாளிகளைத் திடுக்கிட வைக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் விரதம். ஒருவேளைச் சாப்பாடு. மருந்தும் வாய் வழியாகத்தானே போகிறது என்று யோசித்து, பழுப்புப் பம்ப்பையும் விரதத்தில் சேர்த்துவிட்டார் தங்கையன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றில் முங்கி எழுந்ததும், ஈர வேட்டியோடு பச்சை மூங்கில் பாடையில் படுக்க வைத்து, கை, கால், வாய் எல்லாவற்றையும் கட்டினார்கள். தூக்கியது மூட்டை தூக்கும் கூட்டாளிகள். தலைமாட்டில் புகழேந்தி.

"ஈரப்பதம் பதினேழுக்கு மேல இருக்கும்போலயே. கொள்முதல்ல எடுக்காம திருப்பி அனுப்பிடப் போறாங்கய்யா" என்றான் அவன்.

"பதரும் ஜாஸ்தி" என்றது கால்மாடு.

பிணத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது.

கடைத்தெரு திரும்பியதும் காற்றும் திரும்பியது. முன்னால் போன சாம்பிராணிப் புகை அத்தனையும் பாடைமேல் வந்து படுத்தது. நெஞ்சுக்குள் பழைய குக்கர் அடுப்பேறியது.

"ஏண்டி, பாடைலேர்ந்து விசில் வருது?"

"ஆத்தா எறங்கிட்டாடி!"

குலவை கிளம்பியது. யாரோ ஒரு தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொளுத்தி, பிணத்தின் மூக்குக்கு நேராகச் சுற்றினார்கள். அது இன்னும் உரக்க விசிலடித்தது. குலவையும் கூடியது. தங்கையனுக்கு உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. எழுந்தால் மூச்சு வரும். அடுத்த பங்குனியும் வரும். கண்ணைத் திறந்து தங்கம்மாளைத் தேடினார்.

அவள் பார்த்துவிட்டாள். "தட்டை எடுங்க! பாய், ஓடியாங்க!"

கூடவே நடந்து வந்த ஜாஃபர் சாதிக் வாய்க்கட்டை அவிழ்த்தார். "பழுப்பு போட்டீங்களாண்ணே?"

"வெரதம்..."

"அது மூச்சுக்குழாய்க்குப் போற மருந்துண்ணே, வயித்துக்கா போகுது? எழுந்து உக்காருங்க!"

தலை மாட்டேன் என்று ஆடியது.

"உக்காருங்க! வேண்டுதல் கெடக்குது" என்று தங்கம்மாளே கத்தினாள்.

தலை மறுபடியும் ஆடியது. புகழேந்திக்குத்தான் தொழில் கைகொடுத்தது. லாரியிலிருந்து மூட்டையைச் சாய்ப்பதுபோல, "கால்மாட்டை எறக்குடா, தலைமாடு மேல!" என்றான். பாடை செங்குத்தாக எழுந்து டீக்கடைச் சுவரில் சாய்ந்தது. கட்டோடு நின்றது பிணம்.

தங்கம்மாள் மஞ்சள் பையிலிருந்து நீலப் பம்ப்பை எடுத்துக் கொடுத்தாள். ஜாஃபர் சாதிக் அதைக் குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினார். "இழுங்க! அப்படியே பத்து எண்ணுற வரைக்கும் பிடிங்க!"

எண்ணுவது என்றால் மூட்டைக்காரர்களுக்கு ஒரே எண்ணிக்கைதான்; ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நால்வரும் ஒரே குரலில் தொடங்கினார்கள்: "லாபம்... ரெண்டு... மூணு..." நாலாவதில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இன்னொரு அழுத்து, இன்னொரு லாபம். பறைக்காரர் பொறுமையிழந்து எண்ணிக்கைக்கு அடி போட்டார். குக்கர் மெல்ல மெல்ல இறங்கியது. பாடையைப் படுக்க வைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தியபடி தூக்கிப் போனார்கள்.

கோயிலில் பூசாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு நின்றாள் தங்கம்மாள். வேண்டுதல் சேருமா?

"பாடைதானே நின்னுச்சு. அவரு எழுந்தாரா? கை கால் கட்டு அவுந்துச்சா?" பூசாரி தீர்த்தத்தை முகத்தில் தெளித்தார். "எழுந்திரிங்க. சேர்ந்தாச்சு."

தங்கையன் எழுந்தார். முதல் வேலையாக மனைவியிடம், "இனிமே ஏதாவது வேண்டிக்கிட்டா மொட்டையோட நிறுத்திக்க" என்றார்.

தங்கம்மாள் அவருடைய தலையைத் துண்டால் துவட்டினாள். துவட்ட ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"முடி எங்கங்க இருக்கு?"