எதிர்வீட்டுக்காரியின் சிரிப்பு

லண்டன் செவன் கிங்ஸில் நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் வீடுகளில் கடைசி வீடு ஒரு வெள்ளைக்காரக் கிழவியுடையது. அங்கே போய்ச் சேரும்போது எனக்கு இடுப்பு முறிந்து போயிருக்கும். கிழவிக்கோ அப்போதுதான் கதை பிறக்கும். எந்த நாளும் செத்துப்போன தமையனின் கதைதான்.

பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். முதுகைக் கழுவினால் பலம் போய்விடும் என்று அங்கே ஒரு நம்பிக்கையாம். குளித்து வந்தாலும் அவனுக்கு முதுகு மட்டும் கரியாக இருக்கும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களை இராணுவத்துக்கு இழுக்கவில்லை. இவன் தானாகப் போனான். பகலில் சூரியனைக் காண வேண்டும், வேறொன்றுமில்லை. யுத்தம் முடிந்திருந்தது. தோற்ற ஜெர்மனியில் காவலுக்கு நிறுத்தினார்கள். அங்கேயே லொறி புரண்டு செத்தான். பத்தொன்பது வயது.

"உமக்கென்ன விசரே? ஊரைப் பிடிச்சு வைச்ச ஆமிக்காரன்ரை கதையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறீர்," என்றார் என் கணவர். அதில் பிழையில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஆமி சென்றி என்று காவலரண் போட்டிருந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரியும்.

போன கிழமை குளிக்க வார்க்கும்போது கிழவி புதிதாக ஒன்று சொன்னாள். தமையன் ஒரேயொரு தடவை லீவில் வந்தானாம். காவல் நிற்கும் இடத்துக்கு எதிர்வீட்டு ஜெர்மன்காரி காலையில் தன்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தானாம். அந்த அந்நிய ஊரில் ஒருத்திக்காவது அவனைப் பிடித்திருந்ததே என்றுதான் கிழவி இத்தனை காலமும் மனதைத் தேற்றியிருக்கிறாள்.

"உங்கள் ஊரிலும் இராணுவம் நின்றதென்றாயே, நீ சிரிப்பாயா?" என்று கேட்டாள்.

ஐயோ, கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா? "சென்றியைக் கடக்கேக்க சிரிச்சுக்கொண்டு போ பிள்ளை, மூஞ்சையை நீட்டினா மறிச்சுப் போடுவாங்கள்," என்று சொல்லித்தான் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். கன்னம் நோகச் சிரித்திருக்கிறேன்.

"சிரிப்பேன்," என்றேன்.

கிழவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "பயத்திலா?"

பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. "ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்கு விளங்கிற்று.

துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

"நல்ல காலம்," என்றாள் கிழவி. "அது தெரியவருமுன்னமே அவன் செத்துவிட்டான்."