குருவிகுளத்தில் பெய்யாத சாரல்

எங்கள் கல்லூரியின் ஆராய்ச்சி மலர் அச்சுக்குப் போக இருபது நாள் இருந்தது. அதில் என் பழைய மாணவி கோமதி அனுப்பிய மழை அளவுகளை வைத்து, எங்கள் இருவர் பெயரிலும் நான் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அதை வெளியிடலாமா, நிறுத்திவிட வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்காக ஆவணி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, சங்கரன்கோவில் பக்கம் போய்வந்தேன். இதே மாதிரி வெளியூர் போய்த் தகவல் திரட்டப்போகும் ஆசிரியைகளுக்கும் மாணவிகளுக்கும் பயன்படட்டும் என்று நேரம், கட்டணம், தூரம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

எங்களுடையது கன்னியர் நடத்தும் சின்னக் கல்லூரி. நூலகத்தில் ஐந்து அலமாரிதான். ஆனாலும் தலைவியான மதர் ஒரு விதி வைத்திருக்கிறார். எந்த ஆசிரியை ஆராய்ச்சி செய்தாலும் ஒரு மாணவியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலரில் மாணவியின் பெயர் மேலே, ஆசிரியையின் பெயர் கீழே. நான் பூகோளம் கற்பிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஏழு மாணவிகளிடம் ஆளுக்கொரு மழைமானியைக் கொடுத்து, அவரவர் ஊரில் நடச் சொன்னேன். தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, வாரம் ஓர் அஞ்சலட்டை போட வேண்டும். படிப்பு முடிந்த பிறகும் எழுத வேண்டும் என்பது பேச்சு. கல்யாணப் பத்திரிகை வந்தபோதெல்லாம் பட்டியலில் ஒரு பெயரை அடித்தேன். இப்படி ஆறு பெயர்கள் போயின. மிஞ்சியவள் குருவிகுளத்துக் கோமதி.

அவளுடைய எண்களில்தான் எனக்குச் சந்தேகம். சென்ற வருடமும் இந்த வருடமும் ஆனி, ஆடி மாதங்களில் மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று தூறல் விழுந்ததாக எழுதியிருந்தாள். சென்ட் என்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. குருவிகுளம் கரிசல்காடு. அந்த மாதங்களில் அங்கே காற்றுதான் அடிக்கும். சாரல் மலையடிவாரத்தோடு நின்றுவிடும். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி எழுதிய எண்கள் என்று முடிவு கட்டினேன். பொய் என்றால் கட்டுரையும் போகும், கோமதியின் பெயரும் போகும். கடிதம் போட்டுக் கேட்டால் பதிலைத் தயார் செய்துவிடுவாள் என்பதால் சொல்லாமல் புறப்பட்டேன்.

திருநெல்வேலியில் காலை 5.40க்குப் பஸ். சங்கரன்கோவில் 35 மைல். ஒரு ரூபாய் இரண்டணா. 7.50க்கு இறங்கினேன். ஆடித்தபசுக் கூட்டம் வடிந்துவிட்டதால் காப்பிக் கிளப்பில் உட்கார இடம் கிடைத்தது. இட்லி நன்றாயிருந்தது, காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. குருவிகுளம் பஸ் 8.30 என்றார்கள், 8.55க்குத்தான் கிளம்பியது. 11 மைல், ஆறு அணா.

கண்டக்டர் என் குடையைப் பார்த்துச் சிரித்தார்.

"குருவிகுளத்துக்குக் குடை கொண்டு போற மொத ஆளு நீங்கதான், டீச்சரம்மா."

"ஆடியில் தூறல்கூடக் கிடையாதா?"

"தூறலா? எவனாவது எச்சி துப்புனாத்தான் அங்கன மண்ணு நனையும்."

பின்னால் ஒரு கிழவர், "ஏலே, அந்த எச்சியையும் நீ டிக்கெட்டக் கிழிக்கதுக்குத் தொட்டுக்கிடுதியே!" என்றதும் பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் உறுதிப்பட்டதில் ஒரு திருப்தி வர வேண்டும் அல்லவா? அதுவும் வரவில்லை.

கோமதியின் வீடு கடைத்தெருவிலிருந்து அரை மைல். அவள் அப்பா தொழுவத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோமதி எங்கே என்று கேட்டேன்.

"அவ இங்கன இல்லியேம்மா. சிவகிரியில கெட்டிக் குடுத்து ஒண்ணரை வருசமாச்சு. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. மழைமானி எங்கே என்றேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சதுரமாகச் செங்கல் மேடை, நடுவே ஒரு குழி. குழிக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"அதையும் சீரோடதான் அனுப்பினோம். வண்டியில அண்டா, குத்துவிளக்கு, பக்கத்துல அந்தக் குழா. வேண்டாம்டின்னு சொன்னா கேக்கல, ஒரே அழுகை." கோழியை விரட்டிவிட்டுக் குழியைப் பார்த்தபடி நின்றார். "அவ இருந்தப்ப, இத்தனை சென்ட் பெஞ்சிருக்குப்பான்னு காலையில சொல்லுவா. இப்ப மழை பெஞ்சாலும் எவ்வளவுன்னு சொல்ல ஆள் இல்ல. இன்னொரு குழா கிடைக்குமாம்மா? எண்ணு எனக்கும் எழுதத் தெரியும்."

பார்க்கலாம் என்றேன். எனக்கு அப்போது கோபம்தான் பெரிதாக இருந்தது. சிவகிரி மலையடிவாரம், அங்கே ஆடியில் சாரல் உண்டு; எண்கள் பொய்யில்லை. ஆனால் இரண்டு ஊர் மழையை ஓர் ஊர்ப் பெயரில் எழுதியிருக்கிறாள். ஆராய்ச்சியில் அது பொய்யைவிட மோசம், கண்டுபிடிப்பது கடினம்.

11 மணிப் பஸ்ஸில் சங்கரன்கோவில் திரும்பி, 12.30க்குச் சிவகிரிப் பஸ் பிடித்தேன். 13 மைல், ஏழு அணா. போகப் போக மேற்கே மலை எழுந்து வந்தது. சிவகிரியில் இறங்கியபோது மணி 1.25. வெயிலோடு தூறலும் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரித்தேன்.

கோமதியின் மாமியார் நான் யார் என்று கேட்டதும் சிரித்தார்.

"குழாக்காரி டீச்சரா? வாங்க, வாங்க. வாரவ நகை நட்டோட வருவான்னு பாத்தா, இவ தகரக் குழாயோட வந்து எறங்குதா! ஊரே சிரிச்சுது. அதுல ஒரு நாள் நான் வத்தல் காயப்போட்டுட்டேன். ஏயப்பா, பேயாட்டம் ஆடிட்டால்ல!"

கோமதி அடுக்களையிலிருந்து வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கொல்லையில் மழைமானி சரியான மட்டத்தில், மரநிழல் படாத இடத்தில், நான் வகுப்பில் சொன்னபடியே நின்றது. சுற்றிலும் முள்வேலி.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னா என் பேரை அடிச்சிருப்பீய, மிஸ். பிலோமினாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்த அன்னைக்கு நீங்க பேரை அடிச்சத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். 'கல்யாணம் என்றால் கணக்கு முடிந்தது'ன்னு சொன்னீய."

சொல்லியிருப்பேன். அப்படித்தான் பேசுவேன்.

"அஞ்சலட்டையில் ஊர்ப் பெயரையாவது மாற்றியிருக்கலாமே?"

"நான் மாத்தல, மறைக்கவும் இல்ல. சிவகிரித் தபாலாபீசுலதான் போட்டேன். முத்திரையப் பாத்து நீங்களே கேப்பீயன்னு ஒவ்வொரு வாரமும் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

அலுவலக எழுத்தர் எண்களைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அட்டைகளைக் கட்டி வைத்துவிடுவார். மூலத்தைப் பார், நகலை நம்பாதே என்று இருபது வருடமாகக் கற்பிக்கும் நான் பதிவேட்டை மட்டுமே பார்த்திருந்தேன்.

தூறல் மழைமானியின் புனலில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, இனி வேலையைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில், எந்தத் தேதியிலிருந்து எண்கள் சிவகிரியுடையவை என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"தை இருபத்தொண்ணு. ஒம்பது மணிக்கு முகூர்த்தம். எட்டு மணிக்குப் பின்னால போய்ப் பாத்துட்டு வந்துதான் மணையில உக்காந்தேன். அன்னைக்கு மழை இல்ல. சாயங்காலம் குழாயப் புடுங்கி வண்டியில ஏத்துனோம். மறுநாள் எட்டு மணிக்கு இங்கன பாத்தேன். ஒரு நாளும் விடல, மிஸ். பிள்ளை பெத்தப்பவும் இங்கனதான் இருந்தேன், அத்தை அளந்து சொன்னாக."

"நட்டது யார்?"

"இவுகதான்," என்று மாமியாரைக் காட்டினாள். "விடியக்காலம் கடப்பாரை எடுத்துட்டு வந்தாக."

"பின்ன? வந்த அன்னைக்கே மருமக அழுதுக்கிட்டு நின்னா, எங்க வீட்டைத்தான ஊர் பேசும்?" என்றார் அந்த அம்மாள்.

4.30 பஸ்ஸில் கிளம்பினேன். சங்கரன்கோவிலில் ஆறு மணிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கட்டுரையின் தலைப்பைத் திருத்தினேன்: இரண்டு நிலையங்கள், கரிசல் ஒன்று, அடிவாரம் ஒன்று. மேலே கோமதியின் பெயர் இருந்தபடியே இருந்தது. என்னுடைய பட்டம், வேலை, தனி அறை எல்லாம் ஒரே இடத்தில் நின்று கிடைத்தவை. என்னைப் பெயர்த்து வேறு மண்ணில் நட்டிருந்தால் மறுநாள் எட்டு மணிக்கு எழுந்து அளந்திருப்பேனா? தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரே நாளில் முடிக்கலாம். போக வர பஸ் கட்டணம் நாலு ரூபாய்க்குள். சங்கரன்கோவிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள், குருவிகுளத்தில் மத்தியானம் ஒன்றும் கிடைக்காது. சிவகிரிக்குக் குடை அவசியம். புறப்படும்முன் அஞ்சலட்டைகளின் முத்திரையைப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் குருவிகுளத்து அப்பாவுக்கு ஒரு புது மழைமானி அனுப்பினேன். பிறகு பழைய பட்டியலை எடுத்தேன். அடித்த கோட்டுக்கு அடியில் ஆறு பெயர்களும் படிக்கும்படிதான் இருந்தன. ஆறு பேருக்கும் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறேன்: உன் மழைமானி இப்போது எந்த ஊரில் நிற்கிறது?

இதுவரை ஒரு பதில்தான் வந்திருக்கிறது. பிரிப்பதற்கு முன் முத்திரையைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஊர்.