சாரே குடிச்ச தண்ணி

ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்ததுதான் நான் செய்த குற்றம். அந்தத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்திருப்பது, அங்கே கூடியிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தே, எல்லோரும் பார்க்கச் சிரித்த முகத்தோடு குடித்தேன். இதில் தியாகம் எதுவும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் குடித்தேன்.

கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற ஊர்த்தொகுதிப் பக்கம் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், சிறிய ஆய்வகம், பழைய ஜீப் ஒன்று. நான் அதன் பொறுப்பாளர். காட்டையே மூடிக்கொண்டு வந்த உண்ணிச்செடியை ஒழிக்கும் வழி தேடிக்கொண்டிருந்தோம். வெட்டினால் மறுபடி துளிர்த்தது. வெட்டிய கட்டைகளில் மருந்து தெளித்துப் பார்ப்பது என்று முடிவு செய்து, அதற்கான சரிவை நானே தேர்ந்தெடுத்தேன். ரோட்டுக்குப் பக்கம், ஜீப் போகும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சரிவுக்குக் கீழே ஊரார் குடிக்கும் ஊற்று இருந்ததும் எனக்குத் தெரியும். மண் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், கீழே விடாது என்று நம்பினேன்.

மழை வலுத்தபின் ஊற்றுத் தண்ணீரைச் சோதித்தேன். மருந்து, குடிக்கத் தகுந்த அளவைத் தாண்டி இருந்தது. கருவி தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி சோதித்தேன். அதே விடை. மாணவர்கள் விடுமுறையில் கீழே போயிருந்தார்கள். கேட்க ஆள் இல்லை. ஊருக்குச் சொன்னால் மையத்தைப் பூட்டி எங்களை மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். தெளிப்பை நிறுத்திவிட்டு, நாலு மழையில் கழுவிப் போய்விடும் என்று காத்திருந்தேன். ஆனால் அன்று முதல் நான் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. சந்தை கூடும் ஊரான சோளக்காட்டிலிருந்து, குடிக்கவும் சமைக்கவும் கேனில் தண்ணீர் வரவழைத்தேன். என்னை நானே மன்னிக்க முடியாமல் இருப்பது இந்த இடத்தில்தான். என் உடம்புக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.

மையத்தில் சமைத்தவர் அந்த ஊர்ப் பெண்மணி. என்னைவிட வயதில் இளையவர் என்றாலும் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. கேனைப் பார்த்ததும், "ஏனுங்க சார், எங்க ஊத்துத் தண்ணி கசந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். மறுநாள் எனக்கென்று தனியாகத் தன் வீட்டில் இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். ஊற்றுத் தண்ணீரில் வைத்தது. அவர் திரும்பியதும் செடிக்கு ஊற்றினேன்.

அக்காவின் மகளைத் தலைப்பிரசவத்துக்கு, புகுந்த வீடு இருந்த பெரக்கரை நாட்டிலிருந்து அழைத்துவந்த அன்று வீட்டில் விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார். இலை போடுவதற்கு முன் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"சாருக்கு நம்மூட்டுத் தண்ணி எறங்காதாட்டருக்குது. மலைக்காரன் தண்ணி குடிச்சா படிச்சதெல்லாம் மறந்துபோயிருமோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "வருசக்கணக்கா என் கையில சாப்பிடறவரு. அப்படியெல்லாம் இல்லீங்க" என்றார். சாதி பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொம்பை வாங்கி, அண்ணாந்து, முழுவதும் குடித்தேன். ஊர் கைதட்டியது. அக்கா அதே சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு வந்து மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு குடித்ததைப் பார்த்தபடி நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே பெரிய பயமாக இருந்தது. எனக்கு ஆகாதது உள்ளே வளரும் குழந்தைக்கு ஆகுமா, ஆகாதா? எந்தப் புத்தகத்திலும் உறுதியான பதில் இல்லை. காலையில் அக்காவின் மகள் குடத்தோடு என் ஜன்னலைக் கடந்து போகும்போதெல்லாம் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கடைசியில் ஒரு நாள் தாங்க முடியாமல் ஊராரைக் கூட்டிச் சொன்னேன்: ஊற்றில் மருந்து இறங்கியிருக்கிறது, யாரும் குடிக்காதீர்கள்.

நம்பவில்லை.

"சாரே குடிச்ச தண்ணிதானுங்களே!" என்றது ஒரு குரல். "கல்லாட்டந்தான நிக்கறாரு."

"ஊத்த வளைச்சு வேலி போடப் பாக்கறாங்கடா" என்றார் அக்காவின் அண்ணன்.

நான் குடித்ததையே எனக்கு எதிரான சாட்சியாக வைத்தார்கள். கூட்டம் கலைந்தபின் அக்கா மட்டும் அருகில் வந்தார்.

"அன்னிக்குக் குடிக்கறப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எம்புள்ள குடிக்கறப்ப?"

தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. அன்று மதியமே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அடிவாரத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். பல்கலைக்கழகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சரிவின் மேல்மண்ணை வெட்டி அப்புறப்படுத்தினோம். வேறு ஓடையிலிருந்து ஜீப்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊருக்குள் வைத்தேன். பாதிப் பேர் எடுத்தார்கள், மீதிப் பேர் ஊற்றுக்கே போனார்கள். மையத்தை மூடினார்கள், நானும் ஓய்வு பெற்றேன். பின்னாளில் ஊற்று தெளிந்துவிட்டது என்று சோதனை சொன்னது. அதை அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை.

போன மாதம் சோளக்காட்டுச் சந்தையில் அவரைப் பார்த்தேன். மிளகும் வாழைக்காயும் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை, பலாச்சுளை தின்றபடி. பேத்தி என்று கேட்காமலே தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். கண்கள், கை விரல்கள், நிற்கும் விதம், மூச்சு விடும் விதம் என்று தலை முதல் கால் வரை அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குறை எதுவும் தெரியவில்லை. மறுபடியும் பார்த்தேன்.

அக்கா கவனித்துவிட்டார். குழந்தையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்க பாக்காதீங்க சார்" என்றார். "பொறந்த நாள்ல இருந்து நான் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன்."