கையெழுத்துப் பச்சையப்பனும் திருக்கனூர் தங்கச்சியும்

பாகூர் பக்கம் மனை புரோக்கர்களுக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் மூணு பேர் புரோக்கர். நாலாவது ஆள் டீ மாஸ்டர், அவர் கையிலும் ரெண்டு மனை இருக்கும். ஆனால் கூடப்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கணும் என்றால் எல்லாரும் மடுகரை பச்சையப்பனைத்தான் தேடுவார்கள். கையெழுத்துப் பச்சையப்பன் என்றே பேர். அவர் கையெழுத்து என்னவோ கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும்.

கரும்பு போட்ட சம்மந்தம் என்கிறவருக்கும் கரிக்கலாம்பாக்கத்துத் தாயாரம்மாளுக்கும் மூத்த பிள்ளை. கரும்பில் மிஞ்சினது காய்ந்த சோகைதான் என்று இந்தத் தொழிலுக்கு வந்தார். முதல் மனையைச் சித்திரை வெயிலில் காட்டி ஒரு வாத்தியார் தலையில் கட்டினார். ஐப்பசியில் பூமி பூஜை போட வாத்தியார் வந்தால் மனையையும் காணோம், கல்லையும் காணோம். வாத்துதான் நீந்துது.

"பச்சையப்பா, இதுல எந்த வாத்து என் மனையில நிக்குது?" என்றார் வாத்தியார்.

சேதி வீட்டுக்கு வந்ததும் தாயாரம்மாள் சோத்துப் பானையை மூடிவிட்டாள். "தண்ணியில நெலம் வித்தவனுக்கு சோறு எதுக்கு? தண்ணியே குடி." வாத்தியாருக்கு மேட்டுப் பக்கம் வேற மனை பிடித்துக் கொடுத்த பிறகுதான் மூடி திறந்தது.

அடுத்த அடி இன்னும் பலம். அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்ட நிலத்தில் கல் நட்டு, அலங்கார வளைவும் கட்டியாச்சு. கட்டிக்கொடுத்த அக்காவைக் கேட்க மறந்துபோனார்கள். அவள் கேஸ் போட்டாள். வளைவு மட்டும் தனியாக நின்றது, அதிலும் யாரோ ஆட்டைக் கட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் பச்சையப்பனுக்குப் புத்தி வந்தது. பத்திரத்தில் நிலத்துக்கு நாலு எல்லை எழுதுவார்கள். அஞ்சாவது எல்லை, கட்டிக்கொடுத்த பொண்ணு.

அதற்குப் பிறகு அதிலேயே கெட்டிக்காரர் ஆனார். முதல் நாள் காயிதத்தை வெளியே எடுக்கக் கூடாது. பூவும் பழமும் தட்டில் வைத்து அண்ணன்காரன் முன்னால் போகணும், புரோக்கர் செருப்புக்கிட்ட நிக்கணும். அண்ணி கண் கலங்கணும், ஆனால் அது ரெண்டாம் தடவை போகும்போதுதான். அப்புறம் பச்சையப்பன் மெல்ல ஆரம்பிப்பார்: "நெலத்த வெச்சிக்கினு நீ இன்னாம்மா பண்ணப் போற? பொறந்த வூடு வேணுமா, வாணாமா?" எப்பேர்ப்பட்டவளும் அதோடு பேனாவை வாங்கிவிடுவாள்.

இப்படி ஊரார் நிலத்தை விற்றே தலை நரைத்துப் போனது. சொந்தப் பேரில் ஒரு நகர் போடணும் என்று ஆசை வந்தது. மடுகரையில் அப்பா விட்டுப்போன கரும்புக் கொல்லை ரோட்டு மேல் சும்மா கிடந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து, திருக்கனூரில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி செல்வகுமாரியின் கையெழுத்து. பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் நகர் உண்டு. இல்லாவிட்டால் கொல்லையில் கோரைதான்.

செல்வகுமாரி அண்ணனோடு பேசி வருஷக்கணக்காகிறது. அவள் மகள் சுகன்யா பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டவேண்டியவர் தாய்மாமன். தாய்மாமன் அன்றைக்கு எங்கே இருந்தார்? பத்திர ஆபீசு வாசலில், வேறொருத்தன் அக்காவுக்குக் காவல். ஊரெல்லாம் வீடு கட்ட மனை விற்றவருக்கு, மருமகளுக்கு ஒரு ஓலைக் குடிசை கட்ட நேரமில்லை.

கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மனைவி பாக்யலட்சுமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருக்கனூர் போனார். செல்வகுமாரி புருஷன் உலகநாதன் தங்கமான மனுஷன். அண்ணன் தங்கச்சி வழக்கு வந்தால் மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். மாட்டை விற்று வெகு நாளாச்சு. அன்றைக்கும் போய்விட்டார்.

"வாங்க அண்ணி" என்றாள் செல்வகுமாரி. தட்டைப் பார்த்தாள். "பூ வந்திருக்கு, பழம் வந்திருக்கு. அப்ப இன்னிக்கு மொத நாளு. நீங்க அடுத்த வாட்டிதான அழுவணும்?"

முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோன பாக்யலட்சுமி அப்படியே இறக்கிவிட்டாள்.

"காயிதம் எங்கண்ணா?"

"காயிதமா? சேச்சே. தங்கச்சிய பாக்க வந்தேன்."

"அண்ணி, வண்டி சீட்ட தொறங்க."

திறந்தால் பத்திரம் இருந்தது. பக்கத்திலேயே கைரேகை மை டப்பா.

"மை கூட எடுத்தாந்திருக்க! நான் பத்தாவது பாஸுண்ணா, ரேகை வெக்க மாட்டேன். வந்து சாப்புடுங்க. சாப்பாடு வேற, கையெழுத்து வேற."

பச்சையப்பன் கறிக்குழம்பை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கையெழுத்துத்தான் கிடைக்கவில்லை.

திரும்பும்போது மதகடிப்பட்டு வரைக்கும் பாக்யலட்சுமி வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் மூடவில்லை. "ஊர்ல இருக்கற அண்ணனுங்களுக்கெல்லாம் எப்பிடிப் பேசறதுன்னு பாடம் எடுக்கறீங்களே, சுகன்யா சடங்குக்குப் போவாததுக்கு அவகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"அதான் தட்டு எடுத்துக்கினு போனமே."

"தட்டு பேசுமா?"

அந்த வாரம் பூராவும் பச்சையப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு நாள் தட்டு இல்லை, பத்திரம் இல்லை, தனியாகப் போனார். செல்வகுமாரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரோடு அகலம், கரண்டுக் கம்பம் என்று என்னென்னவோ பேசிப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும், செல்வி" என்றார் கடைசியில். "கையெழுத்து போட வந்த அம்மா மனசு மாறிடும்னு பத்திர ஆபீசுலியே ஒக்காந்துட்டேன். நீ பண்ண போனையும் எடுக்கல. தப்புதான்."

கடலை உரிக்கிற கை நின்றது. "மாமன் வரும், மாமன் வரும்னு புள்ளைய ஈரத்துணியோட ஒக்கார வெச்சிருந்தேண்ணா. கடசியில எதுர் வூட்டு புகழ்வேந்தன் ஓல வெட்டியாந்து கட்டினான். இன்னிக்கும் அவன பாத்தா எனக்குத் தலை குனியுது."

பச்சையப்பன் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து கடலை உரிக்க ஆரம்பித்தார். ரெண்டு பேருமாக முறத்தைக் காலி பண்ணினார்கள்.

"கையெழுத்து போடறேன்" என்றாள். "வுடுதலைக்கு இல்ல, பாகம் பிரிக்கறதுக்கு. என் பங்கு நெலமாவே இருக்கட்டும்."

"நெலத்த வெச்சிக்கினு நீ இன்னாம்மா..." என்று தொழில் வாய் தானாக எழுந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லு சொல்லு, ஏன் நிறுத்திட்ட? நீ இன்னா பண்ணுவியோ அத்தான் நானும் பண்ணுவேன். ரோட்டு மேல இருக்கற பக்கத்துல பாதி எனக்கு வரணும்."

பச்சையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ரோட்டுப் பக்கம் பாதி போனால் நகர் பாதி தேறாது. ஏற்கெனவே அந்தப் பக்கத்து மூலை மனையை ஒரு டாக்டருக்கு வாய் வார்த்தை கொடுத்திருந்தார். முகட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "சரிம்மா, எடுத்துக்க" என்றார். உலகநாதன் அப்போதுதான் மாட்டுக்குத் தண்ணி காட்டி முடித்து உள்ளே வந்தார்.

கையெழுத்து நாளன்று செல்வகுமாரி வருவதாகச் சொன்ன பஸ்ஸில் வரவில்லை. பத்திர ஆபீசு வாசலில் மற்ற புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். "இன்னா பச்சையப்பா, தங்கச்சிக்குத் தட்டு வெக்கலியா?" அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒவ்வொரு பக்கமாக ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, நல்ல மணிமணியான எழுத்தில் போட்டாள்.

நகர் சின்னதாகத்தான் வந்தது. வளைவு கட்ட இடம் போதவில்லை. தொழிலும் கொஞ்சம் குறைந்துபோச்சு. தேடி வருகிற அண்ணன்மாரிடம், "தங்கச்சிக்குப் பங்கு குடுக்க மனசு இருக்கா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடுகிறார். பாதிப் பேர் வேற புரோக்கரைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

வருகிற கிராக்கி எல்லாம் அந்த ரோட்டு மூலையைத்தான் கேட்கிறது. அதில் செல்வகுமாரி கடலை போட்டிருக்கிறாள். திருக்கனூரில் இருக்கிறவள் மடுகரைக் கொல்லைக்கு எப்படித் தண்ணி பாய்ச்சுவாள்? மனை பார்க்க வந்தவர்கள் காரை நிறுத்திவிட்டு வெயிலில் காத்திருக்க, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பச்சையப்பன் பாத்தி பாத்தியாக மடை திருப்பிக்கொண்டிருக்கிறார்.